மூன்று குவியல்

ஏரலில், பொருநைக் கரையில், சேர்மன் அருணாசல சுவாமி ஆலயத்தை அடுத்த படித்துறையிலே பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலைப் பாடங்கேட்டு வந்த சீடன் வினவியதும், குரு விடையிறுத்ததும் இவை.

சீடன்: சுவாமி, பிரேயஸ் துறைமுகத்திலே நிகழ்ந்த அந்தச் சம்வாதத்தில், வலியவனுடைய இலாபமே நீதியென்று திராசிமாக்கஸ் சாதித்ததைச் சாக்ரதீஸ் கண்டித்து, அவரவர் தத்தம் தொழிலைப் பிறர் தொழிலில் தலையிடாது இயற்றுவதே நீதியென்றும், ஞானிகள் ஆளும் நகரமே உத்தம நகரமென்றும் ஸ்தாபித்தார். அத்தகைய ஞானி எங்கே கிடைப்பார்?

குரு: கிடைத்தார் என்று நம்புகிறவர்களன்றோ இக்கோயிலுக்கு வருகிறார்கள்! 1906இல் இவ்வூருக்குச் சேர்மனாகி, 1908ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று இளவயதிலேயே மறைந்த ஒருவரை, அவரது நேர்மையை நினைந்தே ஜனங்கள் தெய்வமாக வணங்குகிறார்கள்.

சீடன்: அவருக்குப் பின் வருபவர் அவரைப்போல் இராவிட்டால்? அணிந்தவனை மறைத்துவிடும் மோதிரம் கிடைத்தால் எவனும் அநியாயம் செய்வான் என்று அந்தச் சம்வாதத்திலேயே கிளௌக்கோன் சொன்னானே.

குரு: நல்ல கேள்வி. பிளேட்டோவே முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ நூலில் ஆள்வோரைச் சட்டத்துக்கு ஊழியராக்கினார். ஆளை நம்பாது விதியை நம்புவதற்கு உதாரணமாக, நம் கரையோரும் சென்று முத்துக்குளித்த இலங்கை மரிச்சுக்கட்டிச் சலாபத்தைக் கேள். 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அங்கே எடுக்கப்பட்டன. அக்காலத்தில் தோணி கரை சேர்ந்ததும், குளித்தவர்கள் தங்கள் சிப்பிகளைக் ‘கொட்டு’ என்னும் வேலியடைப்புக்குள் சுமந்து சென்று மூன்று குவியலாகப் பிரிப்பார்கள், சர்க்கார் உத்தியோகஸ்தர் இரண்டைச் சுட்டி எடுத்துக்கொள்வார், மிஞ்சியது அவர்களுக்கு. எது மிஞ்சுமென்று பிரிக்கிறவனுக்குத் தெரியாமையால், அவன் ஞானியாயினும் கள்வனாயினும் மூன்றும் சமமாகவே விழும். அங்கே மோதிரத்தால் ஆவதொன்றுமில்லை.

சீடன்: குவியல் சமந்தான், சுவாமி. ஆனால், கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்குப் போய், மூச்சடக்கிச் சுறாவுக்கு அஞ்சி அள்ளியவனுக்கு ஒன்று, கரையில் நின்றவனுக்கு இரண்டு என்று விதித்தது யார்?

குரு (சிறிது நேரம் மௌனமாயிருந்து): வலியவன். திராசிமாக்கஸ் இவ்வளவில் உண்மையே பேசினான். தூத்துக்குடியிலும் மூன்றில் ஒன்றே குளித்தவன் பங்காயிருந்தது. உத்தம நகரத்தின் காவலர்கள் பொன்னையும் வெள்ளியையும் தீண்டலாகாது, சொந்த வீடும் வைத்துக்கொள்ளலாகாது என்று சாக்ரதீஸ் அத்தனை கடுமையாக விதித்ததன் காரணம் எனக்கு இங்கேதான் விளங்குகிறது. பங்கை நிர்ணயிப்பவனுக்கு அந்தப் பங்கிலே ஆசை இருக்கலாகாது. ஆகவே, சலாபத்தின் பங்கீடு நியாயம், அதன் விதி அநியாயம் என்பதே என் தீர்ப்பு.