திருத்தும் சொல்லுக்குரிய வேளை

கற்பவரின் பிழையை ஆசிரியர் எப்போது சுட்டிக்காட்ட வேண்டும் என்பது கற்பித்தல் முறை சார்ந்த வினாவாகத் தோன்றினாலும், அறிவு ஒருவருக்குள் எவ்வாறு விளைகிறது என்னும் மெய்யியல் வினா அதனுள் அடங்கியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் மருத்துவக் கல்வி அதற்கு ஒரு நடைமுறை விடையைத் தந்துள்ளது.

அந்நாட்டு மருத்துவப் பீடங்களுக்குப் பொதுவாக 2017இல் வெளிவந்த 'புரோஃபைல்ஸ்' என்னும் கற்றல் நோக்கங்களின் தொகுப்பு, பட்டம் பெற்றவர் பயிற்சி மருத்துவராகப் பணியேற்கும் முதல் நாளிலேயே செய்ய வல்லவராக இருக்க வேண்டிய ஒன்பது பணிகளை வகுத்தது. நோய் வரலாறு கேட்டறிதல், உடலைப் பரிசோதித்தல், அவசர நிலையை இனங்காணுதல் முதலிய இவை, நெதர்லாந்தைச் சேர்ந்த ஒல்லே டென் காட்டே 2005இல் முன்வைத்த கருத்தைத் தழுவி, நம்பி ஒப்படைக்கத்தக்க பணிகள் எனப்படுகின்றன. இப்பணியை அடுத்த முறை இவரிடம் விடும்போது மூத்தவர் அருகில் நிற்க வேண்டுமா, கூப்பிட்டால் வரும் தொலைவில் இருந்தால் போதுமா என்பதே இங்கு மதிப்பெண்ணின் இடத்தில் நிற்கும் கேள்வி.

இக்கேள்விக்கான விடையையும் மாணவருக்கான திருத்தத்தையும் பதியும் கைபேசிச் செயலிகளும் அங்கு வழக்கிற்கு வந்துள்ளன. மாணவர் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு அறையை விட்டு வெளியே வந்ததும், சட்டையின் மேலாகவே கேட்டதையும் முதுகின் கீழ்ப்பகுதியைக் கேளாமல் விட்டதையும் மேற்பார்வை மருத்துவர் தாழ்வாரத்தில் நின்றபடியே பதிந்துவிடலாம். பருவ இறுதியில் வரும் 'இன்னும் கவனம் தேவை' என்னும் அறிக்கையில் அந்த முதுகுப்புறம் இடம்பெறப்போவதில்லை.

அறியாமையில் இருப்பவருக்கு உணர்த்த வேண்டிய காலத்தைச் சைவ சித்தாந்தம் வேறு விதமாகக் கணிக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம், வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனைப்போல் ஐம்புலன்களிடையே அயர்ந்துகிடக்கும் உயிருக்கு, அது செய்த தவம் முதிர்ந்த நிலையில் இறைவனே குருவாக வந்து உணர்த்துகிறான் என்கிறது. அப்பக்குவம் வரும்வரை மறைத்துநிற்பதும் அருளே என்பது சித்தாந்தக் கொள்கை.

உயிருக்குப் பிறவிகள் பல உண்டு. நோயாளிக்கு அத்தனை அவகாசம் இல்லை. ஆகவே பிழையைச் சொல்லப் பக்குவம் பார்த்துக் காத்திருப்பது மருத்துவமனையில் அருளாகாது. பணியை ஒப்படைப்பதோ பக்குவத்தைப் பொறுத்தே நிகழ வேண்டியது. அது ஒரு நாளில் கண்ட ஒரு செயலைக் கொண்டு முடிவு செய்யக்கூடியதன்று, ஒப்படைப்பவர் அதன் விளைவுக்கும் பொறுப்பேற்கிறார். உடனே சொல்ல வேண்டியதையும் பொறுத்துத் தீர்மானிக்க வேண்டியதையும் செயலி ஒரே படிவத்தில் கேட்பதுதான் சிக்கல். மேலும், மதிப்பீட்டை மாணவரே கோரும் ஏற்பாட்டில், நன்றாகச் செய்த நாளில் மட்டும் கைபேசியை நீட்ட அவரால் முடியும். எனவே பதிவுகளைக் கொண்டு பக்குவத்தை அறிய முயலும் மூத்தவர், எப்பணிக்கு மாணவர் கருத்துக் கேட்கவே இல்லை என்பதையும் தேடிப் பார்க்க வேண்டியவராகிறார்.