கருவி காணுமோ?

காட்சி என்பது யாது, காண்பான் யாவன் என்னும் வினாக்கள் சித்தாந்த நூலாரால் நெடிது ஆராயப்பட்டன. அவற்றை இக்காலத்துக் கருவியொன்று மீட்டும் எழுப்புகின்றது. வனவுயிர்களை ஆராய்வோர் காட்டு மரங்களிற் பிணித்துவைக்கும் தானியங்கிக் கேமராவே அது. வெம்மையுடைய உடல் தன்முன் அசையுங்கால், அவ்வெப்ப வேறுபாட்டை உணர்பொறி பற்ற, அது தானே படம் எடுக்கும். இரவில் அகச்சிவப்பு ஒளியைத் துணைக்கொள்ளும்.

தாம்பரத்துக்கு அணித்தாயுள்ள நன்மங்கலக் காப்புக்காடு, கைவிடப்பட்ட கல்குவாரியில் வாழும் கொம்பன் ஆந்தையாற் பெயர்பெற்றது. அத்தகைய காட்டில் ஒருவன் அடிவைத்த அளவிலே கௌதாரி புதரில் ஒளியும், ஆந்தை பறந்தகலும். அவன் காண்பது பறவையின் அச்சமேயன்றி அதன் இயல்பு அன்று. அவன் அகன்று கருவியை நிறுத்துவானாயின், அவை இரைதேர்தலும் குஞ்சு பேணுதலும் உள்ளவாறே பதியும். 'யான்' என்பது விலகியவிடத்தே பொருள் தன் இயல்பு காட்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், மனிதனினும் கருவியே நன்கு காண்பதாம் பிறவெனின், அது பொருந்தாது. 2018ஆம் ஆண்டுச் சுற்றுக்குரிய அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இக்கருவிகள் வைக்கப்பட்டு, 3,48,58,623 படங்கள் கிடைத்தன. அவற்றுட் புலியின் படங்கள் 76,651 மாத்திரமே. வெயிலிற் சூடேறிய புல் காற்றில் அசையினும் கருவி இயங்கும். புல்லும் புலியும் அதற்கு ஒன்றே. பகுத்துணரும் அறிவு அதற்கின்மையின், அது பதிவதன்றிக் காண்பதில்லை.

கண்ணும் அத்தன்மைத்தே. கண் கருவி, காண்பது உயிர். அவ்வுயிர்தானும் தானே காணவல்லதன்று. அறிவித்தால் அறியும் இயல்பினது. ஆதலின் இறைவன் காட்டியும் உடனின்று கண்டும் உதவுகின்றான் என்றும், அவ்வுதவிகளே காட்டும் உபகாரம், காணும் உபகாரம் எனப்படும் என்றும் சித்தாந்தம் கூறும். கருவியின் சடத்தன்மையை உணர்ந்தவன் தன் அறிவின் சார்புத்தன்மையையும் உணர்தல் வேண்டும்.

இனி, வினை யாரைச் சாரும்? வேட்டையாடுவோனும் இக்கருவியால் விலங்கின் வழியறிதல் கூடும்; காப்போனும் அறிதல் கூடும். இரண்டிடத்தும் படம் ஒன்றே; கருவிக்குப் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. கண்டவனையே வினை பற்றும். படத்தின் பொருட்டுக் கூட்டருகே சென்று தாய்ப்பறவையை வெருட்டுதலும், அரிய பறவை உறையும் இடத்தை யாவர்க்கும் பறைசாற்றுதலும் உயிர்க்கிரங்கும் நெறிக்கு மாறாம். வீடுகள் நெருங்கிச் சூழ்ந்த நன்மங்கலம் போன்ற சிறு காட்டில் இக்குற்றத்தின் பயன் பெரிது. அங்கு வெருண்ட பறவைக்கு அயலிற் புகலிடம் அரிது.

ஆகவே, காண்டல் காத்தலில் முடிதல் வேண்டும். அருளின்றிக் கண்டவன், கண்ணிருந்தும் கருவியையே ஒப்பன்.