மேம்பாலத்தில் நிற்கும் கார்கள்

கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. மீம்களும் கூடவே வந்துவிடுகின்றன. "படகு வாங்கியாச்சா?" என்று முடிச்சூர்க்காரரைக் கேட்பது தாம்பரத்தில் ஐப்பசி, கார்த்திகைக் கேலி. தண்ணீர் புகுந்த வீட்டை வைத்துச் சிரிக்கலாமா?

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மொட்டை மாடியில் இரவைக் கழித்தவர் தன் நிலையைத் தானே கேலி செய்தால், அது மனம் உடையாமலிருக்க அவர் பிடித்துக்கொண்ட கயிறு. தண்ணீர் வராத தெருவில் இருப்பவர் "ஏரியில வீடு வாங்கினா அப்படித்தான்" என்று சிரிப்பது கொடுமை. மனை பிரித்து விற்றவரும் அனுமதி தந்தவரும் அந்தச் சிரிப்பில் தப்பிவிடுகிறார்கள். மாதத் தவணை கட்டுகிறவர் மட்டும் அகப்படுகிறார்.

அதற்காக விளையாட்டையே விலக்குவதும் தவறு. வெள்ளம் ஏன் வருகிறது என்று சொல்ல அதுவும் ஒரு வழி. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே மழைநீர் வெளியேற வேண்டும். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் பெருங்குடி குப்பைமேடு. அறிக்கைகளில் இதெல்லாம் உண்டு. அறிக்கையை யார் படிக்கிறார்கள்?

2017இல் கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' வேறு வழியில் போனது. எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் பிறந்தது அது. வருவாய்த்துறைக் கணக்கில் ஏரியும் ஓடையும் மேய்ச்சல் நிலமும் புறம்போக்கு, ஊருக்கே பொதுவானவை. தெருவிலோ அது வசைச்சொல். பொதுநிலத்தின் பெயர் எப்போது திட்டாக மாறியதோ, அப்போதே அந்த நிலத்தை வளைப்பதும் எளிதாகிவிட்டது. அந்தத் திட்டை எடுத்துக் கர்நாடக ராகங்களில் பாடியது விளையாட்டுதான், ஆனால் அடி விழுந்தது நிலத்தை வளைத்தவர்கள்மேல். வெள்ளத்தில் நின்றவர் யாரும் அதில் குறுகிப்போகவில்லை.

மேம்பாலப் படத்தை மறுபடி பார்க்கலாம். மேலே ஏற்றி நிறுத்தக் கார் உள்ளவர்களின் படம் அது. பாலத்துக்குக் கீழே, தரைத்தள வாடகை வீட்டில், அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர் அந்தப் படத்தில் இல்லை.