இடம் கேட்கும் பனிக்கட்டி

1611இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து அறிஞர்களுக்குள் ஒரு சச்சரவு. பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது? குளிர்ந்தால் எதுவும் சுருங்கும். பனிக்கட்டி என்பது சுருங்கி இறுகிய தண்ணீர். அகலமாகத் தட்டையாக இருப்பதால் மூழ்காமல் கிடக்கிறது. அரிஸ்டாட்டிலின் வழி வந்தவர்கள் இப்படிச் சொன்னார்கள். கலீலியோ ஒத்துக்கொள்ளவில்லை. எந்த வடிவில் உடைத்துப் போட்டாலும் மிதக்கிறதே! அப்படியானால் அது தண்ணீரைவிட லேசு. உறையும்போது விரிந்திருக்கிறது என்றார். 1612இல் இதைப் புத்தகத்திலும் எழுதினார்.

எதிராளிகளை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கவே செய்கின்றன. பிஸ்மத், காலியம் போலச் சிலவே தண்ணீரின் கட்சி.

விரிவதற்கான காரணம் 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் நான்கோடு ஹைட்ரஜன் பிணைப்பால் சேரக்கூடியது. திரவத்தில் இந்தப் பிணைப்புகள் ஓயாமல் அறுந்து அறுந்து சேர்கின்றன. அந்தச் சந்தில் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நின்றுகொள்கின்றன. குளிரக் குளிர நெருக்கம் கூடுகிறது, ஆனால் 4 டிகிரி செல்சியஸ் வரைதான். அதற்குக் கீழே போனால் தண்ணீர் மெல்ல விரியத் தொடங்கிவிடும். 0 டிகிரியில் உறையும்போது நான்கு பிணைப்பும் அதனதன் திசையில் நிலைத்துவிடுகின்றன; மூலக்கூறுகள் ஆறு ஆறாக வளையம் கட்டுகின்றன. திருவிழாவில் முண்டியடித்து நின்ற பெண்கள் கும்மிக்கு வட்டம் கட்டினால் நடுவில் வெற்றிடம் விழுமே, அதே கதைதான். ஆட்கள் கூடவில்லை, இடம் கூடிவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 1,090 மில்லிலிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

சைபீரியாவின் பைக்கால் ஏரியில் குளிர்காலத்தில் வண்டி ஓட்டும் அளவுக்குப் பனி இறுகுகிறது. விரிந்து லேசாகி அது மேலேயே மிதப்பதால் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. மீன்கள் பிழைக்கின்றன. அந்த ஏரிக்கே உரிய நெர்ப்பா என்ற கடல்நாய் (சீல்) இனம் பனியில் துளை வைத்து மூச்சு விட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறது.

இதே விரிவுதான் குளிர்நாடுகளில் தண்ணீர்க் குழாய்களை வெடிக்க வைக்கிறது. ஆகவே, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் என்றாலும் பத்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டே வையுங்கள்.