பிறவாத பயணிகள்

ஓசூரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். 2,000 ஏக்கர் நிலம். ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். அந்தப் பயணிகளில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை. பிறவாதவனுக்காகப் பிறந்தவனைப் பெயர்ந்து போகச் சொல்லலாமா?

சொல்லவே கூடாது என்று நான் வாதாட மாட்டேன். பெங்களூருக்கென்று தேவனஹள்ளியில் நிலையம் திறந்தது 2008இல். 2022க்குள் இரண்டாவது முனையம் தேவைப்பட்டுவிட்டது. முன்யோசனை இல்லாமல் இருப்பதும் ஒரு குற்றந்தான், தண்டனை பேரப்பிள்ளைகளுக்கு.

ஆனால் பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்னிடம் இவ்வளவு தத்துவம் பேசவில்லை. "ஏன் சாமி, புதுசா ஒரு போர் போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

தேவனஹள்ளியிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை போட்டி நிலையம் கூடாதென்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. (மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு!) திட்டம் போடுகிறவர்களுக்கு அது காத்திருக்கும் காலம். பெரியவருக்கோ செடி நட்டு, பூப் பறித்து, கடன் அடைக்கும் காலம். நிலத்தை இன்னும் யாரும் தொடவில்லை. அவர் கை அதற்குள் கட்டுண்டுவிட்டது.

எடுப்பதானால் எந்த சர்வே நம்பர், எந்த வருஷம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்ல இயலாதென்றால், இடையில் அவர் போடும் போருக்கும் ஈடு உண்டென்று இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.