உணவில் குறை சொல்வது உண்மை பேசுவதாகுமா?

பகலெல்லாம் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து கிடக்கும் குடும்பம் ஒன்று கூடுவது இரவு உணவின்போதுதான். இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் நமது வடசென்னைப் பகுதியில், துறைமுகத்திற்கும் தொழிற்சாலைகளுக்கும் ஷிப்டு முறையில் போய் வருவோரின் வீடுகளில் அந்த ஒரு வேளைகூட எல்லா நாளும் வாய்ப்பதில்லை. அப்படி எல்லோரும் கூடியிருக்கும் ஓர் இரவில், வழக்கமான மீன் ஆணத்தை விட்டுவிட்டு, வீட்டுப் பெண்மணி புதிதாக ஒரு பண்டத்தைச் செய்து ஸுப்ராவில் கொண்டு வந்து வைக்கிறார். பக்கத்து வீட்டில் கேட்டறிந்ததாக இருக்கலாம். கைப்பேசியில் பார்த்துக் கற்றதாகவும் இருக்கலாம். எல்லோரும் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்ததும் ஆவலோடு கேட்கிறார்: "எப்படி இருக்கிறது?"

நாவுக்குப் பிடித்திருந்தால் பதில் எளிது. பிடிக்கவில்லையென்றால்? "நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் பொய். "நன்றாக இல்லை" என்று சொன்னால் அடுப்படியில் வெந்தவரின் உள்ளம் உடைகிறது. பொய் சொல்வது பாவம் என்பதை அறிவோம்; பிறர் உள்ளத்தை நோகச் செய்வது பாவம் என்பதையும் அறிவோம். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட முஃமின் என்ன செய்வது?

இது அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு மனிதனின் அக்லாக் பள்ளிவாசலில் தெரிவதைக் காட்டிலும் அவன் வீட்டு ஸுப்ராவில்தான் அதிகமாகத் தெரிகிறது. பள்ளியில் நம்மைப் பலர் பார்க்கிறார்கள். ஸுப்ராவிலோ நம்மை எதிர்த்துப் பேசத் தயங்குகிறவர்களே நம்மைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள்.

நாயகத்தின் நடைமுறை

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிதாபுகளிலும் பதிவாகியுள்ள செய்தி நம்மில் பெரும்பாலோர் கேட்டதுதான். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விருப்பம் இருந்தால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள்.

இதைக் கேட்டதும் சிலர், "அது நபியவர்களின் உயர்ந்த குணம். ஆனால் நாங்கள் உள்ளதைத்தானே சொல்கிறோம்? உண்மையைச் சொல்வது எப்படிக் குற்றமாகும்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையும் ஹதீஸிலேயே இருக்கிறது.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒருநாள் சுட்ட 'ளப்' கொண்டு வந்து வைக்கப்பட்டது. பாலைவனத்தில் வாழும் இந்தப் பிராணியைத்தான் நம் மொழிபெயர்ப்புகளில் உடும்பு என்று எழுதுகிறார்கள். நஜ்துப் பகுதியிலிருந்து அன்னையவர்களின் சகோதரி கொண்டு வந்தது அது. நாயகம் (ஸல்) அவர்கள் கையை நீட்டினார்கள். அது இன்னதென்று தெரிவிக்கப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். உடனிருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள், இது ஹராமா என்று கேட்டார்கள். ஹராமில்லை என்றும், தம் சமூகத்தார் வாழும் பூமியில் அது இருக்கவில்லை, ஆகையால் தம் மனம் அதை நாடவில்லை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் கூறினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; தடுக்கவில்லை. அந்தப் பிராணியை உண்பதன் சட்டத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் அது மக்ரூஹ். அது தனி மஸ்அலா. நாம் இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பதிலை.

பிடிக்காததைப் பிடித்ததாக நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை. ஆகவே அங்கே பொய் இல்லை. பண்டத்தையோ சமைத்தவரையோ கொண்டு வந்தவரையோ ஒரு சொல்லாலும் இழிவுபடுத்தவில்லை. காரணத்தை உணவின் மேல் ஏற்றாமல் தம் பழக்கத்தின் மேல் ஏற்றிக்கொண்டார்கள்.

நாவு எதற்குச் சாட்சி?

சாட்சி சொல்பவன் தான் கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும். கண்டதற்கு மேல் ஒரு சொல் கூட்டினாலும் அந்தச் சாட்சி பழுதாகிவிடும். "எனக்கு இது பழக்கமில்லை, ஒத்துக்கொள்ளவில்லை" என்பது நாவு தன்னைப் பற்றிச் சொல்லும் சாட்சி, அது உண்மை. "இது நன்றாக இல்லை" என்பது சாட்சியல்ல, தீர்ப்பு. சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டிய நாவு காஜியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துகொள்கிறது. ஆகவே, "உள்ளதைத்தானே சொன்னேன்" என்று வாதிடுபவர் உள்ளதற்கு மேலாகவே சொல்லியிருக்கிறார். நாயகம் (ஸல்) அவர்களின் பதில் மென்மையானது மட்டுமல்ல. குறை சொல்பவரின் பேச்சைவிட அதிக உண்மையானதும் அதுவே.

இதற்கு நம் பகுதியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1962-இல் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்து வந்த ஆண்டுகளில் கடைகளும் வியாபாரங்களும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள், அவர்களுள் முஸ்லிம்களும், கையில் இருந்ததை இழந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயரிலேயே ஒரு குடியிருப்பு உண்டு. கடற்கரை ரயில் நிலையத்திற்கு அருகில் பர்மா பஜார் 1969-இல் உருவானது. அவர்கள் கொண்டு வந்த சொத்துக்களில் எந்தச் சர்க்காராலும் பறிக்க முடியாத ஒன்று அவர்களின் சமையல். நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்துக் கையால் பிசைந்து தரும் அத்தோவையும், அதனுடன் ஊற்றிக் கொடுக்கும் வாழைத்தண்டு சூப்பையும் இன்று வடசென்னையில் அறியாதவர் குறைவு. பர்மிய மொழியில் இந்தப் பெயர் பிசைந்து கலந்த உணவைக் குறிக்கும்.

பச்சை முட்டைக்கோஸும் ஆறிப்போன நூடுல்ஸும் ஓர் உணவா என்று முதன்முதலில் பார்ப்பவருக்குத் தோன்றலாம். அதே கவளம் ரங்கூனில் பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டிக்குத் தாய்வீட்டு ருசி. பண்டம் ஒன்றுதான், நாவுகள் இரண்டு. இவற்றில் எந்த நாவின் தீர்ப்பை உண்மை என்பது? இரண்டும் தத்தம் பழக்கத்திற்கு மட்டுமே சாட்சி. இன்று அதே அத்தோவைப் பிள்ளைகள் ஆசையோடு கேட்க, வீடுகளிலேயே செய்து பார்க்கிறார்கள். நேற்றைய புதுமை இன்றைய பழக்கமாகிவிட்டது. நம் பிரியாணிக்கும் தாளிச்சாவுக்கும் இன்றியமையாத மிளகாய்கூட, போர்ச்சுகீசியர் இந்நாட்டிற்கு வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்ததுதான்.

வெறுப்பு வேறு, சட்டம் வேறு

காலித் (ரலி) அவர்களின் கேள்வியில் இன்னொரு படிப்பினையும் உண்டு. பெரியவர் ஒருவர் கையை எடுத்துக்கொண்டால் சிறியவர்கள் அதை ஹராம் என்று எண்ணிவிடக்கூடும். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இடம் வைக்கவில்லை. நம் வீடுகளிலோ சில பெரியவர்கள் தமக்குப் பிடிக்காத ஒன்றை, "இதெல்லாம் நம் தீனில் உள்ள சாப்பாடா?" என்று மார்க்கத்தின் பெயரால் தள்ளுகிறார்கள். அல்லாஹ் ஹலாலாக்கிய நல்லவற்றை ஹராமாக்கிக் கொள்ளாதீர்கள் என்னும் கருத்தில் 'மாயிதா' சூராவின் 87-ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறது. நாவின் வெறுப்புக்கு ஃபத்வாவின் போர்வை போர்த்துவது பெருங்குற்றம்.

உண்மையாகவே சட்டம் குறுக்கிடும் இடமும் உண்டு. காசிமேட்டிலிருந்து மீனோடு கடம்பாவும் வருகிறது. ஷாஃபிஈ மத்ஹபினர் அதைச் சமைத்து உண்பார்கள். கடலில் வாழ்பவற்றுள் மீன் இனம் மட்டுமே ஆகும் என்னும் ஹனஃபி மத்ஹபில் அதற்கு இடமில்லை. ஷாஃபிஈ வீட்டிலிருந்து ஹனஃபி வீட்டிற்கு வந்த மருமகள், தாய்வீட்டில் கற்றதை ஆசையோடு சமைத்து வைத்தால் என்ன செய்வது? "நம் மத்ஹபில் இதற்கு இடமில்லை, மகளே" என்ற ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையில் சட்டம் இருக்கட்டும், ஏளனம் வேண்டாம். அவர் சமைத்தது அவருடைய இமாமின் வழியில் ஹலாலானது.

உப்புக் கூடினால்?

"பழக்கமில்லாததை விடுங்கள், உப்பு அள்ளிக் கொட்டியிருந்தால் அது குறைதானே?" என்று கேட்கலாம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் கிதாபின் விரிவுரையில், உப்பு அதிகம், உப்புக் குறைவு, புளிப்பு, வேகவில்லை என்றெல்லாம் சொல்வதையும் உணவைக் குறை கூறுவதில் சேர்த்தே எழுதியுள்ளார்கள். அல்லாஹ்வின் படைப்பைக் குறை சொல்வதுதான் கூடாது, மனிதரின் கைவேலையைக் குறை சொல்லலாம் என்று கூறியவர்களும் இருந்தனர். புகாரிக்கு விரிவுரை எழுதிய ஹாஃபிள் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. இரண்டுமே கூடாது, ஏனெனில் அதில் சமைத்தவரின் உள்ளத்தை உடைப்பது இருக்கிறது என்பது அவர்கள் தரும் காரணம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, ஹதீஸ் கலையின் மாமேதை ஒருவர் அடுப்படியில் நிற்பவரின் உள்ளத்தைச் சட்டத்தின் காரணமாக எடுத்து வைத்திருக்கிறார்கள்!

அப்படியானால் சமைப்பவர் தம் தவறை எப்படி அறிவார்? அவரே அறிந்துகொள்ளக் கேட்டால், தனிமையில், உண்டு முடித்த பின், "அடுத்த முறை உப்பைக் கொஞ்சம் குறைத்தால் போதும்" என்று சொல்வது நஸீஹத். பிள்ளைகளின் முன்னும் விருந்தாளிகளின் முன்னும் முகம் சுளித்துத் தட்டைத் தள்ளுவது குறை கூறல். வார்த்தை ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். நிய்யத்தும் நேரமும் வேறு.

பொய்ப் புகழ்ச்சியும் வேண்டாம்

மனைவியிடம் பொய் சொல்ல அனுமதி இருக்கிறதே என்று சிலர் உம்மு குல்ஸூம் (ரலி) அவர்களின் அறிவிப்பை எடுத்துக்காட்டலாம். அன்பை வெளிப்படுத்துவதும் கட்டாயமல்லாத ஒன்றை வாக்களிப்பதும் போன்றவையே அதன் கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். குடும்பத்தில் பிளவு நேராமல் காக்கத் தரப்பட்ட சலுகையைத் தினசரிப் பழக்கமாக்கினால் வார்த்தைக்கு மதிப்பு போய்விடும். எதைச் சமைத்தாலும் "பிரமாதம்" என்பவரின் பாராட்டில், உண்மையாகவே நன்றாக அமைந்த நாளில்கூட மனைவிக்கு மகிழ்ச்சி கிட்டாது.

பொய்யின்றிப் பாராட்ட வழியுண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டாரிடம் தொட்டுக்கொள்ள ஏதேனும் கேட்டார்கள். காடியைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார்கள். அதையே வரவழைத்து, காடி எவ்வளவு நல்ல குழம்பு என்று புகழ்ந்தபடி உண்டார்கள். எல்லா உணவையும்விடச் சிறந்தது என்று சொல்லவில்லை. இருப்பதில் உள்ள நன்மையை எடுத்துச் சொன்னார்கள். கொண்டு வந்தவரின் மனம் குளிரவே அப்படிச் சொன்னார்கள் என்று விளக்கமளித்த உலமாக்களும் உண்டு. அதைக் கேட்ட நாள் முதல் காடி தமக்குப் பிரியமாகிவிட்டது என்கிறார்கள் ஜாபிர் (ரலி) அவர்கள். ஒரு நல்ல வார்த்தை நாவின் ருசியையே மாற்றிவிடுகிறது. நம் வீட்டிலும் "வாசனை நன்றாக வந்திருக்கிறது", "எங்களுக்காக இவ்வளவு நேரம் நின்றிருக்கிறாயே" என்று சொல்ல உண்மையான ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

பணியாளர் உணவு கொண்டு வந்தால் அவரையும் உடன் அமர்த்துங்கள், இல்லையேல் ஓரிரு கவளமாவது கொடுங்கள். அதன் வெப்பத்தையும் சிரமத்தையும் ஏற்றவர் அவரல்லவா என்பது நாயகத்தின் போதனை. கூலி பெறும் பணியாளருக்கே இந்த உரிமை. சமையலோ ஷாஃபிஈ சட்ட நூல்களில் மனைவியின் மீதான சட்டக் கடமையாகவே சொல்லப்படவில்லை. ஹனஃபி நூல்களிலும் காஜியிடம் வழக்காடிப் பெறும் கடமையல்ல. ஆகவே தினமும் நம் முன் வரும் உணவு ஓர் இஹ்ஸான். அதிலும் புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பவர், தோற்றாலும் தோற்கலாம் என்று தெரிந்தே நம் மகிழ்ச்சிக்காகத் துணிகிறார். ஒருமுறை ஏளனம் செய்துவிட்டால் அடுத்து அவர் துணியமாட்டார். சோறு வரும்; அதோடு வந்த அன்பு வராது.

சமைக்கும் தாய்மார்களுக்கும் மூன்று வார்த்தைகள். புதிய பண்டத்திற்கு வாங்கும் ஸாஸ், எஸன்ஸ், ஜெலட்டின் போன்றவற்றின் சேர்மானத்தைப் படித்துப் பார்த்து, ஹலாலென்று தெளிந்த பின்னரே சட்டியில் இடுங்கள். பழகாததை முதல் தடவை கொஞ்சமாகச் செய்யுங்கள். மிஞ்சிக் குப்பைக்குப் போனால் அது இஸ்ராப். அடுத்த வீட்டாரை மிஞ்சிக் காட்டுவதற்காகச் செய்யாமல் வீட்டாரை மகிழ்விக்கும் நிய்யத்தோடு செய்யுங்கள். அப்போது ருசி தப்பினாலும் கூலி தப்பாது.

ஸுப்ராவில் நம் முகம் சுளிப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாளை அவர்கள் தங்கள் மனைவியரிடமும் மருமக்களிடமும் நடக்கப்போகும் விதத்தை இன்று நம் தட்டுக்கு எதிரே அமர்ந்து கற்கிறார்கள். அல்லாஹுதஆலா நம் நாவுகளை உண்மையிலும் நன்றியிலும் நிலைத்திருக்கச் செய்து, நம் இல்லங்களின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.