மூஷிகமும் நாலு குண்டூசியும்



வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனா முதலில் யாரைக் கும்பிடுகிறோம்? பிள்ளையாரை. அவர் காலடியில் யாரு? மூஷிகம். கயமுகாசுரனைப் பெருச்சாளியாக்கித் தன் வாகனமாக ஏற்றுக்கொண்டார் என்ற கதை தேவார வகுப்புக்குப் போன எல்லாருக்கும் தெரியும்.

இப்போ என்னோட ஆறாம் படிவ உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு வாங்க. மெழுகு ஊற்றிய தட்டில் ஃபார்மலினில் ஊறிய ஒரு வெள்ளை எலி. நாலு காலையும் விரித்துக் குண்டூசி குத்தியாச்சு. கண்ணு எரியுது, மூக்கு எரியுது. கத்தரிக்கோல் என் கையில். "பிள்ளையார் இன்னிக்கு கிராப்லதான் போகணும்"னு ஒரு ஜோக் அடிச்சேன். குழுவில் எல்லாரும் சிரிச்சாங்க.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் சைவம். வெட்ட மாட்டேன், பார்த்து வரைகிறேன் என்று தள்ளி நின்றாள். "பயந்தாங்கொள்ளி, நீயெல்லாம் எதுக்கு உயிரியல் எடுத்தே?" என்று எல்லார் முன்னாடியும் கேட்டேன். அவள் பதில் பேசவில்லை.

தோலை விலக்கி, வயிற்றுத் தசையை வெட்டித் திறந்தோம். கல்லீரல் பெரிசா உட்கார்ந்திருந்தது. பித்தப்பையைத் தேடு தேடுன்னு தேடினோம். எலிக்குப் பித்தப்பையே கிடையாது என்று ஆசிரியர் அப்புறம்தான் சொன்னார். விலா எலும்பை வெட்டினா இதயம். நமக்கு இருக்கிற மாதிரியே நாலு அறை. இன்று பொறியியலில் பம்பு, வால்வு என்று படிக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன இதயம்தான் ஞாபகத்துக்கு வருது. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற வால்வை, கடலை அளவு இடத்தில் யார் பொருத்தியது?

குடலை ஒதுக்கினோம். எலியின் கருப்பை நம் அம்மாமார்களுடையதைப் போல ஒரே பையாக இருக்காது. இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும். அந்த இரண்டு கிளையிலும் மணி கோத்த மாதிரி வரிசையாக உருண்டைகள். குட்டிகள். ஒன்பது எண்ணினேன்.

சிரிப்பு நின்னு போச்சு. "வரையுங்க, பெயர் குறியுங்க" என்றார் ஆசிரியர். வரைஞ்சோம். மணி அடித்ததும் எல்லாத்தையும் கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, கையைக் கழுவிட்டு கேண்டீனுக்குப் போய் கோழிப் பொரியலோடு நாசி லெமாக் சாப்பிட்டேன். இதையும் மறைக்காமல் சொல்லணும் இல்லையா? கிளம்புறப்போ அந்தப் பொண்ணு பையைப் பார்த்து "சிவ சிவ"ன்னு முணுமுணுத்தாள். அதுக்கும் நான் கண்ணை உருட்டினேன்.

அது பாவமா? சமய வகுப்பில் இந்தக் கேள்வியை ஒரு தம்பி என்னிடம் கேட்டான். உடம்பை அறுத்துப் பார்ப்பது நம் மரபுக்குப் புதுசு என்று சொல்ல முடியாது. சுசுருதர் தன் நூலில் வழிமுறையே எழுதியிருக்கிறார். இறந்தவர் உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவிட்டு, பிறகு மூங்கிலாலும் வேராலும் செய்த தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அடுக்காகப் பார்க்கச் சொல்கிறார். கத்தி எடுத்துக் கரகரன்னு கிழிக்கிற வேலை இல்லை. எவ்வளவு பொறுமை பாருங்க! அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: உடம்புக்குள் இருக்கும் நுட்பமான அந்தப் பொருளை இந்தக் கண்ணால் காண முடியாது, ஞானக் கண்ணும் தவக் கண்ணும் வேண்டும்.

திருமூலர் வரலாற்றை நினைத்துப் பாருங்க. கயிலையிலிருந்து வந்த சித்தர், காவிரிக் கரையில் சாத்தனூர் பக்கம் மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதைக் காண்கிறார். மாடுகள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்துக் கதறுகின்றன. மாடு அழுவது பொறுக்காமல்தான் அந்த உடம்புக்குள் புகுந்தார். இரவல் உடம்பு. அந்த இரவல் உடம்பிலிருந்துதான் நமக்குப் பத்தாம் திருமுறையான திருமந்திரம் கிடைத்தது, மூவாயிரம் பாட்டு.

எங்களுக்கும் அன்று ஓர் இரவல் உடம்பு கிடைத்தது. தாயும் ஒன்பது குட்டியும். நாங்கள் திருப்பிக் கொடுத்தது என்ன? ஒரு ஜோக், ஒரு கறுப்புப் பை. எனக்கு உறுத்துவது இதுதான். வெட்டியதை விட இது அதிகம் உறுத்துது. மருத்துவம் படிக்கிறவர்கள் உடற்கூறு படிச்சே ஆகணும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா நாலு பேருக்கு ஓர் எலி வாங்கி, பாதிப் பேர் பாக்காமலே தூக்கிப் போடுறதுக்கு எந்தச் சாஸ்திரத்திலும் இடம் இல்லை. மாதிரி உருவம், கணினிப் படம் போதும் என்கிற வகுப்புக்கு அதுவே போதும்.

மலாயா பல்கலைக்கழகத்தில் 2012 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. உடலைத் தானம் செய்தவரை 'மௌன ஆசான்' என்கிறார்கள். மாணவர்கள் அவருடைய குடும்பத்தாரிடம் பேசி, அவர் எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்துகொள்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் மரியாதையோடு வழியனுப்புகிறார்கள். மனிதருக்குச் செய்கிற மரியாதையில் ஒரு துளி எலிக்குச் செஞ்சா என்ன குறைஞ்சிடும்?

அடுத்த மாதம் என் தம்பிக்கு இதே பயிற்சி. தட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கண்ணை மூடி நில்லு, அப்புறம் ஒரு உறுப்பு விடாம பாரு என்று சொல்லியிருக்கேன். "சிரிக்கிறவன் சிரிப்பானே அண்ணே?" என்கிறான். சிரிப்பான். நான் சிரிச்சவன்தானே.

அந்தத் தோழி இப்போது தாதியியல் படிக்கிறாள். இதை எழுத உட்கார்ந்த அன்னிக்கு அவளுக்கு வாட்சாப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நீல டிக் விழுந்துடுச்சு. பதில் இன்னும் வரல.